சிவப்புப் பிடியில் இரண்டு வரித் தையல்

தூத்துக்குடிக் கடலில் ஒரு பொம்பளையைப் பட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். கோயமுத்தூர் கணபதியில் இந்தச் செய்தி முதலில் வந்து இறங்கியது தாஜுன்னிசாவின் பெல்ட் பட்டறையில்தான். கொண்டுவந்தவர் நைலான் பட்டை ரோல் சப்ளை செய்யும் ஷாநவாஸ். அவரும் கண்ணால் பார்த்தவர் இல்லை. உப்பு லாரி ஓட்டும் அவருடைய சகலைக்கு ஏதோ ஒரு டீக்கடையில் யாரோ சொன்னது.

"இடுப்புல ஒரு பெல்ட்டுக் கட்டிக்கிறாங்களாமுங்க்கா. அதுல இருந்து பட்டத்துக்கு ஒரு கயிறு. பட்டம்னா நம்மூர்ல உடற காயிதப் பட்டம் இல்லீங்க, ஒரு ஊட்டுக் கூரை அகலம். கால்ல ஒரு பலகை. காத்து இழுக்க இழுக்கத் தண்ணி மேல சர்ருன்னு போவாங்களாமா. அப்படிப் போறப்ப கயிறு படார்னு கழண்டுக்கிச்சுங்களாம். பட்டம் மட்டும் இலங்கைப் பக்கம் போயிருச்சு."

"அந்தப் பொம்பளை?"

"அதைச் சகலை சொல்லலீங்க." ஷாநவாஸ் தோளிலிருந்த ரோலை இறக்கி வைத்துவிட்டுக் கையை விரித்தார். "கழண்டதுக்கப்புறம் என்னங்க்கா இருக்குது?"

தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து குழந்தையம்மாள் தலையை நீட்டினாள். "ஏனுங்க ஷாநவாசு, மருதமலையில சிறுத்தை ஷேர் ஆட்டோவுல ஏறி உக்காந்துச்சுன்னு போன மாசம் சொன்னதும் இதே சகலைதானுங்?"

ஷாநவாஸ் சிரித்துக்கொண்டே வேன் ஏறிவிட்டார். தாஜுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய பள்ளிக்கூடத் தோழி வெங்கடலட்சுமி இன்று மத்தியானம் பட்டறைக்கு வருகிறாள். நாளை காலை தூத்துக்குடி போகிறாள். போவது இதே பட்டத்தைக் கட்டிக்கொண்டு இதே கடலில் இறங்கத்தான்.

தாஜுன்னிசாவுக்கு நாற்பத்தெட்டு வயது. தென்னை ஏறுகிறவர்களுக்கான பாதுகாப்பு பெல்ட் என்றால் கிணத்துக்கடவிலிருந்து பொள்ளாச்சி வரை அவள் தைத்ததைத்தான் கேட்டு வாங்குவார்கள். "கணபதி அக்கா பெல்ட்டு" என்றே அதற்குப் பெயர். கம்பெனிப் பெயர் ஒன்று வைத்துப் பலகையும் மாட்டியிருக்கிறாள். அதை யாரும் படித்ததில்லை.

அவளுடைய அத்தா கரீம், கோட்டைமேட்டில் லாரித் தார்ப்பாய் தைத்தவர். கணபதியில் பட்டறைகள் பெருகிய காலத்தில் குடும்பத்தோடு இங்கே வந்தார். குடியேறிய லைன் வீட்டுக்குப் பின்சுவர் வெங்கடலட்சுமி வீட்டின் முன்பக்கக் காம்பவுண்டுச் சுவர். அது பெரிய வீடு. மில்லில் பங்கு இருந்த நாயுடு வீடு. வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், கேட்டைத் தாண்டினால் தமிழ். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட நாளிலிருந்து தாஜுவுக்கு அவள் வெங்கட்டு. நோன்பு மாதத்தில் கஞ்சித் தூக்கு சுவர் மேலாக அந்தப் பக்கம் போகும். மறுநாள் கழுவித் திரும்பும்போது உள்ளே இரண்டு கொய்யாப்பழமாவது இருக்கும். வெங்கட்டுவின் தம்பிகளைத் திட்டுவதற்குத் தேவையான தெலுங்கு முழுவதையும் தாஜு ஒரே கோடை விடுமுறையில் கற்றுக்கொண்டாள்.

அந்த நாட்களை நினைத்தால் தாஜுவுக்கு முதலில் காதில் காற்றுதான் கேட்கும். ஆடி பிறந்துவிட்டால் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று கோயமுத்தூரையே ஓர் உலுக்கு உலுக்கும். பள்ளிக்கூட வராந்தாவில் நோட்டுத் தாள்கள் பறக்கும். தாவணியை இடுப்பில் செருகிப் பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதிக்க வேண்டும். போகும்போது எதிர்க்காற்று, மிதிக்கவே முடியாது. வரும்போது மிதிக்கவே வேண்டாம். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருக்கும் வெங்கட்டு தன் தாவணியின் இரண்டு முனைகளையும் விரித்துப் பிடிப்பாள். சைக்கிள் தானாக ஓடும். "மிதிக்காத தாஜு, மிதிக்காத! காத்து பாத்துக்கும்!" என்று கத்துவாள்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள், மதுக்கரை லாரி செட்டுக்குத் தார்ப்பாய் கொடுக்கப் போன அத்தாவோடு இரண்டு பேரும் டெம்போவில் தொற்றிக்கொண்டு போனார்கள். அத்தா பேச்சில் இருந்தபோது, ஓரமாய்க் கிடந்த தள்ளுவண்டியும் ஒரு துண்டுத் தார்ப்பாயும் வெங்கட்டுவின் கண்ணில் பட்டன. வண்டியில் ஏறி நின்று அவள் மேல் முனைகள் இரண்டையும் தூக்கிப் பிடித்தாள். கீழ் முனைகளை வண்டியின் கைப்பிடியில் கட்டியது தாஜு. காற்று ஒரே மூச்சில் வந்து தார்ப்பாயை உப்பவைத்தது. வண்டி கிளம்பிவிட்டது. நாற்பது அடி போயிருக்கும். தாஜு கட்டிய முடிச்சு ஒன்று நழுவ, மற்றதும் அவிழ்ந்தது. தார்ப்பாய் வெங்கட்டுவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு எழும்பி, போய்க்கொண்டிருந்த சிமெண்ட் லாரியின் தலைமேல் விழுந்து, லாரியோடே போய்விட்டது. வெங்கட்டு மண்ணில் உட்கார்ந்து கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். அத்தா அடிக்கவில்லை, திட்டவில்லை. கைப்பிடியில் தொங்கிய கயிற்றைப் பார்த்துவிட்டு, "முடிச்சு நிக்கலையே கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

வெங்கட்டு அந்தச் சிரிப்பைத்தான் இன்றும் சொல்வாள். தாஜுவுக்கு மறக்காதது அத்தா சொன்னது.

இரண்டாயிரத்து இரண்டில் வெங்கட்டு கல்யாணமாகி ஹாலந்து போனாள். பீளமேடு ஏர்போர்ட்டில், இடுப்பில் கைக்குழந்தையோடு தாஜு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே போனவள் மூன்று தடவை திரும்பி வந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திக் காட்டினாள். நான்காவது தடவை வருவாள் என்று தாஜு அரை மணி நேரம் நின்றாள். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, மூன்று வாரம். வந்தால் முதல் நாளே பட்டறைக்கு வந்து கட்டிங் டேபிள் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அவள் வரும் வாரத்தில் தாஜு புது ஆர்டர் எடுப்பதில்லை.

பெல்ட் தைக்கத் தொடங்கியது குழந்தையம்மாளால். அவள் கிணத்துக்கடவுக்காரி. அவள் புருஷன் தென்னை ஏறும்போது இடுப்புக் கயிறு நழுவி, முப்பது அடியிலிருந்து விழுந்தான். உயிர் இருந்தது, இடது கால் வரவில்லை. தார்ப்பாய் தைக்க வேலைக்கு வந்தவள் ஒருநாள் இதைச் சொல்லி அழுதபோது, தாஜு லாரிக்குப் போடும் நைலான் பட்டையை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றி அளவெடுத்தாள். அதுதான் முதல் பெல்ட். பெட்டி வடிவத்தில் நான்கு வரி, குறுக்கே பெருக்கல் குறி, மெழுகு நூல், திருகு மூடி வைத்த இரும்புக் கொக்கி. புது மாதிரி எது தைத்தாலும் முதலில் தாஜுதான் சுடிதார் மேலேயே கட்டிக்கொண்டு பட்டறையின் இரும்பு உத்தரத்தில் தொங்குவாள். தொங்கிக்கொண்டே டீ குடிப்பாள். "தானா கழலக் கூடாது. கழட்டோணும்னு நெனச்சாலும் லேசுல கழலக் கூடாது" என்பதுதான் அவளுடைய கணக்கு. பதினாறு வருஷத்தில் அவள் பெல்ட் கட்டிய ஒருத்தர் கூட விழுந்ததில்லை.

மத்தியானம் வெங்கட்டு வந்தாள். முதுகில் அவளை விடப் பெரிய பை. டேபிள் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"நாப்பத்தெட்டு வயசுல என்னடி இது வேண்டாத வேலை?" என்றாள் தாஜு. "உன் பொண்ணு பண்ண வேண்டியதை நீ பண்ணிட்டுத் திரியற."

"அவ பயந்தாங்கொள்ளி. அங்க கடற்கரையில இதைப் பாக்கறப்பல்லாம் எனக்கு மதுக்கரைத் தள்ளுவண்டி ஞாபகம் வருதுடி. ஆனா அங்க தண்ணி ஐஸு. நம்மூர்க் கடல் வெதுவெதுன்னு இருக்குமேன்னு செகண்ட் ஹேண்டுல எல்லாத்தையும் வாங்கித் தூக்கிட்டு வந்துட்டேன்."

பையிலிருந்து கை நீளத்தில் ஒரு கறுப்புப் பட்டையை எடுத்தாள். உள்ளே ரப்பர் ஓடுவதால் சுருங்கி விரிந்தது. ஒரு முனையில் சின்னக் கொக்கி. மறுமுனையில் விரல் நீளச் சிவப்புப் பிடி. பிடிக்குப் பக்கத்தில் மேல்துணி பிரிந்து நூல் தொங்கியது.

"இதுக்குப் பேரு லீஷ். இந்தப் பிரிஞ்ச இடத்தை மட்டும் தச்சுக் குடு. காலையில போறப்ப வாங்கிக்கறேன்."

"எதுக்கு இது?"

"பட்டத்துக்கும் எனக்கும் நடுவுல இருக்கற கடைசிக் கயிறு. சொல்றேன் கேளு. காத்து மிஞ்சிப் போச்சுன்னா முதல்ல கையில புடிச்சிருக்கற கம்பிய விட்டுறணும். பாதி இழுவை அதுலயே போயிரும். அப்பவும் இழுத்துச்சுன்னா, இடுப்புக்கு முன்னால மாட்டியிருக்கற வளையத்தைத் தள்ளிக் கழட்டணும். அதுக்குப் பேரு சிக்கன் லூப்."

"நீ கடலுக்குப் போறியா, பிரியாணிக்குப் போறியா?"

குழந்தையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அட கேளுடி! அதைக் கழட்டினா பட்டம் காத்தை விட்டுட்டுத் தண்ணியில உழுந்துரும். ஆனா ஓடிப் போகாது. ஒத்தைக் கயித்துல இந்த லீஷ் புடிச்சுட்டிருக்கும். அதுக்கப்புறமும் இழுக்குது, இல்ல வேற யாரோட கயித்துலயோ மாட்டிக்கிச்சுன்னா, கடைசியா இந்தச் சிவப்பை முன்னால தள்ளி லீஷையும் விட்டுறணும்."

தாஜு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கண் வெங்கட்டுவின் காதோரத்தில் இருந்தது. போன வருஷம் அங்கே இவ்வளவு நரை இல்லை. பேசும்போது கையை ஆட்டுவது மட்டும் அப்படியே இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று ஆட்டிய அதே கை. 'ஓடிப் போகாது' என்றது காதில் நின்றது. அதற்கடுத்ததெல்லாம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் போய்விட்டது.

வெங்கட்டு இன்னொன்றையும் எடுத்தாள். இதே போன்றது, இரண்டு மடங்கு நீளம். "இதையும் சேத்து வித்தான். முதுகுப் பக்கம் மாட்டிக்கிட்டுக் குட்டிக்கரணம் போடறவங்களுக்கு இது. கத்துக்குட்டிக்கு ஆகாதுன்னு தூத்துக்குடி வாத்தியார் போன்லயே சொல்லிட்டார். குட்டையானதுதான், முன்னாலதான், ரெண்டு கையும் எட்டற இடத்துலதான் மாட்டணுமாம். சிலதுல பிடியைத் திருகணும், சிலதுல இழுக்கணும். என்னோடதுல இடுப்புலயும் லீஷ்லயும் ரெண்டுமே தள்ளறது. பயத்துல கை கொழம்பாதுன்னார். இந்த நீளமானதை நீயே வச்சுக்க, பேட்டர்ன் பாக்க."

பேசிக்கொண்டே சிவப்புப் பிடியை இரண்டு விரலால் தள்ளிக் காட்டினாள். சட்டென்று கழன்றது. மறுபடி மாட்டினாள். மறுபடி தள்ளினாள். கழன்றது.

தாஜு குனிந்து பார்த்தாள். "என்னடி, தொட்டாக் கழலுது?"

"அதுக்குத்தான் அது இருக்குது."

"வெசனமா இருக்குதுடி எனக்கு. ஷாநவாஸ் சொன்னாப்ல, அங்க ஒருத்திக்கு—"

"உனக்கு நான் சைக்கிள் கேரியர்ல உக்காந்தாலே வெசனம்." வெங்கட்டு டேபிளிலிருந்து குதித்தாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமையே போறேன், சனிக்கிழமை கரையில சின்னப் பட்டத்தை வச்சுப் பழக்கம். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மேல காத்து எந்திரிக்கும். அப்பத்தான் என் சொந்தப் பட்டத்தோட இறங்கறேன். நீ போட்டோவுக்குக் காத்துட்டு இரு. வாரேன் குழந்தையம்மா!"

பொழுது இறங்க, குழந்தையம்மாள் வீட்டுக்குப் போன பிறகு, தாஜு லீஷை எடுத்து மெஷினுக்கடியில் வைத்தாள். பிரிந்த மேல்துணியைத் தைக்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. தைத்ததை இழுத்துப் பார்த்தாள், யானையைக் கட்டலாம். அப்புறம் சிவப்புப் பிடியைத் தொட்டுப் பார்த்தாள். கழன்றது. இவ்வளவு உறுதியான பட்டையில் கடைசி முனை இப்படி இருக்கிறதே என்று மனசு ஆறவில்லை. கடலில் ஓர் அலை மோதினால் போதும், மணிக்கட்டு இடித்தால் போதும், சகலை சொன்ன மாதிரி ஆகிவிடும். வெங்கட்டுவிடம் சொன்னால் சிரிப்பாள். சொல்ல வேண்டாம். ஊர் திரும்பி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பிடி நகரும் இடத்தில், பிடியின் அடிப்பக்கக் கறுப்புத் துணி உறையையும் பட்டையையும் சேர்த்து இரண்டு வரி அடித்தாள். லாரிப் பட்டைக்குப் போடும் மெழுகு நூல். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். தடவிப் பார்த்தால்தான் தெரியும். பிடியை இரண்டு விரலால் தள்ளினாள். நகரவில்லை. முழுக் கையால் தள்ளினாள். நகரவில்லை. அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் கார் வாசலில் நின்றபோது வெங்கட்டு இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கி, தைத்த இடத்தைப் பார்த்து, "தையல்னா தாஜுதாண்டி" என்று பையில் திணித்துக்கொண்டாள். தாஜு வழிக்கு என்று கட்டி வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்தாள். எங்கே தங்குகிறாள், கூடச் சட்னி வேண்டுமா, வெயிலுக்குத் தொப்பி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். கார் போய்விட்டது.

சனிக்கிழமை எட்டு போட்டோ வந்தது. மணலில் நின்றபடி, மஞ்சள் ஹெல்மெட்டோடு, பல்லெல்லாம் தெரிய. தாஜு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்த முகத்தில் கேரியரில் உட்கார்ந்திருந்தவள் இருந்தாள். குழந்தையம்மாளிடம் காட்டினாள், பக்கத்துப் பட்டறை ஆட்களிடம் காட்டினாள். "எங்கூடப் படிச்சவ" என்று சொல்லும்போது தானும் பட்டம் கட்டிக்கொண்டு நிற்பது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. ஆனால் திங்கள் காலை கிணத்துக்கடவுக்குப் பன்னிரண்டு பெல்ட் போக வேண்டியிருந்ததால் குழந்தையம்மாளும் வந்திருந்தாள். இரண்டே காலுக்கு ஒரு போட்டோ வந்தது. இடுப்பு பெல்ட் இறுகக் கட்டி, முன்னால் கறுப்பு லீஷும் சிவப்புப் பிடியும் தெரிய, பின்னால் கடல். 'காத்து சூப்பர்டி. சாப்பிட்டாச்சு. மூணு மணிக்கு இறங்கறேன்.'

வேலை மூன்று மணிக்கு முடிந்தது. சுவரில் அந்த நீளமான லீஷ் தொங்கிக்கொண்டிருந்தது. அவளைப் போலவே தானும் ஒருமுறை மாட்டிப் பார்க்கலாம் என்று தாஜுவுக்கு ஆசையாக இருந்தது. பெல்ட்டைக் கட்டினாள். லீஷின் ஒரு முனையை உத்தரத்தில் மாட்டினாள், சிவப்புப் பிடி உள்ள முனையைப் பெல்ட் வளையத்தில். கீழே மணல் மூட்டைகளைப் பரப்பிவிட்டுக் காலை மடக்கித் தொங்கினாள். கழன்று விழுவோம் என்றுதான் எதிர்பார்த்தாள். விழவில்லை. ஆடிப் பார்த்தாள். குலுக்கிப் பார்த்தாள். தூணில் இடித்துப் பார்த்தாள். பிடி அசையவில்லை.

"தானாக் கழலலியே குழந்தையம்மா!"

"கையில தள்ளிப் பாருங்க்கா."

தள்ளினாள். மொத்த உடம்பும் அதில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பிடி வழுக்கென்று நகர்ந்தது. தாஜு மணல் மூட்டை மேல் பொத்தென்று விழுந்தாள். குழந்தையம்மாள் கைதட்டிச் சிரித்தாள். தாஜுவும் சிரித்தபடி எழுந்து உட்கார்ந்தாள். "நம்ம கொக்கி இப்படித் தொங்கறப்ப ஒத்தைக் கையில தெறக்குமா? ஸ்டூல் போட்டு ஆளைத் தூக்கினாத்தானே திருகவே முடியும்."

"நம்மளது அப்படித்தானுங்க்கா இருக்கோணும். மரத்துல கையை உட்டா ஆளு போச்சு." குழந்தையம்மாள் மூட்டைகளை நகர்த்திக்கொண்டே சொன்னாள். "அங்க தண்ணிதானுங்? கழண்டா என்ன, நனையறதுதான். உடாம இழுத்துட்டுப் போனாத்தானுங்க கஷ்டம்."

தாஜுவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கை மட்டும் மணல் மூட்டையை இறுகப் பிடித்தது.

'கடைசியா இந்தச் சிவப்பை முன்னால தள்ளி...' வெங்கட்டுவின் குரல் இப்போது முழுசாகக் கேட்டது.

"என்னுங்க்கா? எங்காச்சும் அடிபட்டுப் போச்சுங்களா?"

"அதைத் தச்சுப்போட்டேன் குழந்தையம்மா."

"எதைங்?"

"அவ சிவப்பை. நகராம ரெண்டு வரி போட்டுத் தச்சுப்போட்டேன்."

குழந்தையம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பதினெட்டு.

தாஜு போனை எடுத்தாள். வேறு யார் பெயரையோ அழுத்தி, வெட்டி, மறுபடி தேடினாள். வெங்கட்டு. ரிங் போனது. போய்க்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அழுத்தினாள். நின்றது. வாய்ஸ் மெசேஜ் போட்டாள்: "வெங்கட்டு, அந்தக் கயித்தைக் கட்டாத. கட்டியிருந்தா கழட்டிப் போடு. கத்தியில அறுத்துப் போடு. நாந்தான் தச்சேன், அது தெறக்காது. இறங்காதடி." இரண்டு சாம்பல் டிக் விழுந்தது. நீலமாகவில்லை.

"அந்த வாத்தியார் நம்பருங்க்கா?"

தாஜுவுக்குப் பட்டம் பழக்கும் பள்ளியின் பெயர் தெரியாது. வாத்தியார் பெயர் தெரியாது. சட்னி வேண்டுமா என்று கேட்கத் தெரிந்தது. போட்டோக்களைத் திறந்து பெரிதாக்கினாள். எங்காவது ஒரு பலகை, ஒரு சட்டையில் ஓர் எழுத்து. மணல், கடல், வெங்கட்டுவின் பல், பின்னால் பாதி வெட்டுப்பட்ட ஒரு கூடாரம்.

"இறங்கறதுக்கு முன்னால கழட்டிப் பாப்பாங்கள்லங்க்கா?" குழந்தையம்மாளின் குரல் இறங்கியிருந்தது. "நம்ம பெல்ட்டை ஏறறதுக்கு முன்னால இழுத்துப் பாக்கறாப்ல. வாத்தியார்னு ஒருத்தர் இருக்கறாரு, பாக்காம உடுவாருங்?"

பார்ப்பாள். பார்க்க வேண்டும். ஆனால் வெங்கட்டு எந்தப் பரீட்சையிலும் விடைத்தாளைத் திருப்பிப் பார்த்தவள் இல்லை. எழுதி முடித்ததும் கொடுத்துவிட்டு வெளியே வேப்ப மரத்தடியில் போய் நின்று, ஜன்னல் வழியாகத் தாஜுவுக்குக் கையாட்டுகிறவள். அதிலும், தைத்தது தாஜு. தாஜு தைத்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு எதற்குத் தோன்றப்போகிறது?

ஸ்பீக்கரில் போட்டு, போனைக் கட்டிங் டேபிள் மேல் வைத்தாள். குழந்தையம்மாள் போய் மின்விசிறியை நிறுத்தினாள், சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று. வெளியே காற்றில் தகரக் கதவு அடித்துக்கொண்டிருந்தது. தாஜு இரண்டு கையையும் டேபிளில் ஊன்றிக்கொண்டு போனின் மேல் குனிந்து நின்றாள். நான்காவது முறையாக ரிங் போய்க்கொண்டிருந்தது.